நான் அழித்த பென்சில் எழுத்து

அன்பு மகளுக்கு,

திங்கட்கிழமை சாயங்காலம் நீ போனைத் துண்டித்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. திரும்பக் கூப்பிட்டால் எடுக்க மாட்டாய். எடுத்தாலும் மீட்டிங்கில் இருக்கிறேன் என்பாய். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் வேகமாக ஓடவிட்டுக் கேட்பேன் என்று நீயே ஒருமுறை சிரித்துக்கொண்டு சொன்னாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தை வேகமாக ஓடவிட முடியாது, அப்படியே ஓடவிட்டாலும் உன் அம்மாவின் கையெழுத்தில் தடுக்கி விழுவாய். இன்று புதன்கிழமை. நான் வேலை பார்க்கிற கல்லூரி லைப்ரரியில் ஆள் இல்லை. பரீட்சை முடிந்து பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், பாதியில் நீ படிப்பதை நிறுத்தினாலும் இது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோவில் ஹாலில் வைத்து, சங்கு குளிக்கப் போகிறவர்களுக்கு நீ கொடுக்கப்போகிற அந்தக் கைக்கருவியைக் கொடுக்காதே. அதற்குள் இருக்கிற ஆழம் தப்பு. ஆழம் தப்பென்றால் நேரமும் தப்பு. அதை நம்பிக் கடலுக்குள் கிடக்கிற மனுஷனுக்கு என்ன ஆகும் என்று நான் உனக்குச் சொல்லித் தர வேண்டாம், உன் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் நீயே எழுதியிருக்கிறாய்.

இந்தக் கடிதத்தை ஒரு நகல் எடுத்து, தப்பு தொடங்கின, இங்கே அலமாரியில் இருக்கிற ஒரு பழைய புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்குள் வைக்கப் போகிறேன். பின்னால் வருகிற பிள்ளைகளும் படிக்கட்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

உன் மாமா, என் தம்பி, இருபது வருஷமாகச் சங்கு குளிக்கிறான். வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும், அதிலிருந்து வருகிற டியூபை வாயில் கவ்விக்கொண்டு கீழே போவார்கள். மூச்சுக்குத் தடையில்லை என்பதால் மணிக்கணக்கில் கிடப்பார்கள். கிடந்துவிட்டு விறுவிறுவென்று மேலே வந்தால் உடம்புக்குள் கரைந்த காற்று மூட்டிலும் நரம்பிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் தெருவில் கோணிக்கோணி நடக்கிற ஆட்களை எண்ணிப் பார்த்துத்தான் கடைசி வருஷப் புராஜெக்டுக்கு நீ இதை எடுத்தாய். எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று கணக்குப் போட்டு, நேரம் முடிந்ததும் கையில் அதிர்ந்து மணியடிக்கிற ஒரு பட்டை. ஆழம் அளக்கிற சென்சார் வைத்தால் விலை ஏறும், நம் ஆட்கள் வாங்க மாட்டார்கள் என்று, சங்கு கிடக்கிற இடங்களின் பெயரையே பொத்தானாக வைத்தாய். இடத்தை அழுத்தினால் போதும், அந்த இடத்து ஆழம் உள்ளேயே இருக்கும். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அந்த இடங்களின் ஆழத்தை நீ எங்கிருந்து எடுத்தாய் என்று மட்டும் நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, கொண்டுவந்து கொடுத்ததே நான்தானே.

புராஜெக்ட் ரிப்போர்ட்டை லைப்ரரிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. எத்தனை பிள்ளைகளிடம் அந்த விதியைக் காட்டி மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறேன். என் மகளுக்கு என்று வந்தபோது நான்கு ரிப்போர்ட்டைத் துணிப்பையில் போட்டு, மேலே சாப்பாட்டு டப்பாவை வைத்து மூடி, கேட்டில் வாட்ச்மேன் அண்ணாச்சியிடம் சிரித்துவிட்டு வந்தேன். "இதுல எல்லாம் இருக்குளா, நீ அலைய வேண்டாம்" என்று உன் கட்டிலில் வைத்தேன். திங்கட்கிழமை போனில் நீ சொன்னாயே, நான்கு ரிப்போர்ட்டிலும் ஒரே எண்தான் இருக்கிறது, நான்கு கைடு கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், நான்கு பேருமா தப்பு என்று. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நான்கு ரிப்போர்ட்டையும் நான் திரும்ப மேசையில் விரித்துப் பார்த்தேன். இரண்டாவது முதலாவதைப் பார்த்து எழுதியது. மூன்றாவது இரண்டாவதைப் பார்த்து எழுதியது, அட்டவணையில் விட்டுப்போன ஒரு கோடுகூட அப்படியே விட்டுப்போயிருக்கிறது. நான்காவது மூன்றையும் மேற்கோள் காட்டியிருக்கிறது. நான்கு சாட்சி என்று நீ நினைத்தது ஒரே ஒரு சாட்சி. அந்த ஒரு சாட்சியும் கடலுக்குப் போனவன் இல்லை.

முதல் ரிப்போர்ட்டை எழுதின அவனை எனக்கு நன்றாகத் தெரியும். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பையன், நீ அப்போது எட்டாம் வகுப்பு. சங்கு குளிப்பவர்களிடம் பேச வேண்டும் என்று வந்தான். நோட்டும் பேனாவுமாக ஒருத்தன் வந்தால் நம் ஆட்கள் வாயைத் திறக்க மாட்டார்கள், எந்த ஆபீசிலிருந்து வந்திருக்கிறானோ என்ற பயம். நான்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். மாமாவும் அவன் வள்ளத்துக்காரர்களும் ஒவ்வொரு இடமாகச் சொன்னார்கள். இந்த இடம் எட்டு, அந்த இடம் ஒன்பது, அதற்கு அங்கிட்டுப் போனால் பத்து. அவன் எட்டு, ஒன்பது, பத்து என்று எழுதிக்கொண்டான். எட்டு என்ன என்று அவன் கேட்கவில்லை. எட்டு என்றால் என்ன என்று சொல்ல அவர்களுக்கும் தோன்றவில்லை. இரண்டு கையையும் விரித்தால் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரைக்கும் ஒரு பாகம். கயிற்றை அப்படி விரித்து விரித்துத்தான் ஆழம் பார்ப்பார்கள். எங்கள் வீடுகளில் ஆழம் என்றாலே பாகம்தான், வேறு அளவு ஒன்று இருக்கிறது என்பதே பேச்சில் வராது. எட்டு பாகம் என்றால் பதினான்கு மீட்டர் கிட்ட வரும். அவன் ரிப்போர்ட்டில் அது எட்டு மீட்டர் ஆகிவிட்டது.

இதை நான் எப்போது கண்டுபிடித்தேன் என்று நீ கேட்பாய். இந்தத் திங்கட்கிழமை என்று போனில் உன்னிடம் சொன்னேன். அது பொய். அந்த ரிப்போர்ட் பைண்டிங் ஆகி வந்து, முதுகில் நம்பர் ஒட்டும்போதே பார்த்துவிட்டேன். மாமாவின் வள்ளத்துப் பேர் இருக்கிறதா என்று ஆசையாகப் புரட்டினேன், அட்டவணை கண்ணில் பட்டது. அந்தப் பையனைப் பிடித்துச் சொன்னேன். வைவா முடிந்துவிட்டது அக்கா, இனி இதை யார் பார்க்கப்போகிறார்கள் என்றான். பேராசிரியரிடம் போய்ச் சொல்லலாமா என்று அவர் அறை வாசல் வரைக்கும் போனேன். உள்ளே நாலு பேர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். லைப்ரரி அசிஸ்டென்ட் வந்து, ஐயா நீங்கள் கையெழுத்துப் போட்டது தப்பு என்று சொல்வதா? அப்படியே திரும்பி வந்துவிட்டேன். வந்து, பென்சிலால் அந்த அட்டவணைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதினேன்: 'இது பாகக் கணக்கு, மீட்டர் இல்லை.' எழுதினதும் மனசு லேசாகிவிட்டது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் கல்லூரிக்கு இன்ஸ்பெக்ஷன் வந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும், ஒரு மாதம் நான் வீட்டுக்குத் தாமதமாக வந்தேன், நீ கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தாய். புத்தகங்களில் ஒரு கிறுக்கல் இருக்கக் கூடாது என்று உத்தரவு. ஆளுக்கு ஒரு அலமாரி, ஆளுக்கு ஒரு ரப்பர். புராஜெக்ட் ரிப்போர்ட் அலமாரி எனக்கு வந்தது. பக்கம் பக்கமாக அழித்தேன். காதல் கவிதை, கிரிக்கெட் ஸ்கோர், பேராசிரியர்களின் பட்டப்பெயர், எல்லாம் அழித்தேன். என் எழுத்தையும் அழித்தேன். பார்க்காமல் அழித்தேன் என்றால் நீ நம்புவாய், நானும் நம்பிக்கொள்ளலாம். பார்த்துத்தான் அழித்தேன். புத்தகத்தில் எழுதுகிற பிள்ளைகளுக்கு அபராதம் போடுகிறவள் நான், என் கையெழுத்தே அங்கே இருந்தால் மானம் போகும் என்று தோன்றியது. தனிச்சீட்டில் எழுதி உள்ளே செருகிவிடலாம் என்று நினைத்தேன். இன்று வரைக்கும் செருகவில்லை.

உனக்கு அந்த ரிப்போர்ட்டைக் கொடுத்தபோது ஞாபகம் வரவில்லையா? மறந்தே போனேன் என்று சொன்னால் பாதிப் பொய். பையில் வைக்கும்போது என்னவோ ஒன்று உறுத்தியது. என் மகள் இன்ஜினியர், அவள் பார்த்துக்கொள்ள மாட்டாளா என்று நினைத்துக்கொண்டு டப்பாவை மேலே வைத்தேன். நீயோ, என் அம்மா லைப்ரரியில் இருக்கிறாள், அவள் கொடுத்தால் சரியாக இருக்கும் என்று நினைத்திருப்பாய். ஆளுக்கு ஆள் நம்பி, ஒருத்தரும் சரிபார்க்கவில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது ஒரு கதை சொன்னேனே. ரிப்போர்ட்டின் கடைசியில் இருபது நூல்கள் பட்டியல் போட்டிருந்த பையனிடம், இதில் ஒன்றையாவது பார்த்தாயா தம்பி என்று கேட்டேன், "மேடம், அது ரெஃபரன்ஸ், படிக்கிறதுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனான். நீ புரையேறச் சிரித்தாய். உன் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தையும் நேற்று பார்த்தேன். மூச்சு, அழுத்தம், நேரம் பற்றின நூல்கள் எல்லாவற்றையும் நீ படித்திருக்கிறாய், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும், ராத்திரி பகலாகப் படித்தாய். அந்த நேரக்கணக்கில் ஒரு பிசகும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். கஷ்டமான இடத்தில் அவ்வளவு கவனமாக இருந்துவிட்டு, லேசான இடத்தில் கோட்டை விட்டாய். இது உன் கெட்டிக்காரத்தனத்தில் குறை இல்லை மகளே. பெரிய பெரிய கணக்கு போடுகிறவர்கள் எல்லாரும் சின்ன எண்ணை யாரோ ஏற்கெனவே பார்த்திருப்பார்கள் என்று விடுகிற இடம் இது. ஒரு எண்ணை எடுக்கும்போது, இதை முதலில் சொன்னது யார், எந்த அளவில் சொன்னார், அவர் அதை நேரில் பார்த்தாரா என்று மூன்றையும் தேடிப் போ. போய்ச் சேர முடியாவிட்டால், போய்ச் சேர முடியவில்லை என்று எழுது. அப்படி எழுதினால் மார்க் குறையும் என்று பயப்படுகிறீர்கள். குறையட்டுமே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது உனக்கு வலிக்கும். கல்லூரியில் புராஜெக்ட் கண்காட்சி வைத்த அன்றைக்கு மாமாவையும் அவன் கூட்டாளிகள் நாலு பேரையும் முன்வரிசையில் உட்காரவைத்தாய். எல்லாரும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்கள். நீ திரையில் படம் படமாகப் போட்டு அரைமணி நேரம் இங்கிலீஷில் பேசினாய். என் மகளா இப்படிப் பேசுகிறாள் என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த இடங்களின் பெயரும், பக்கத்தில் எட்டு, ஒன்பது, பத்து என்ற எண்ணும் திரையில் ஆளுயரத்துக்கு இருந்தது. எட்டு என்று பார்த்ததும் மாமா தலையாட்டினான், சரியாகத்தான் போட்டிருக்கிறது என்று. பக்கத்தில் மீட்டர் என்று இருந்த இங்கிலீஷ் எழுத்து அவனுக்குப் படிக்க வராது. நீ ஒரே ஒருதடவை தமிழில் 'இந்த இடம் எட்டு மீட்டர்' என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால், அஞ்சு பேரும் சேர்ந்து சிரித்திருப்பார்கள். அங்கேயே முடிந்திருக்கும். கைதட்டினார்கள், முதலில் தட்டினது மாமாதான். பேசுகிறவருக்குப் பெருமையாக இருக்கிற பேச்சு வேறு, கேட்கிறவர் குறுக்கே புகுந்து திருத்துகிற மாதிரியான பேச்சு வேறு. நீ வருகிற வருஷங்களில் எத்தனையோ பேர் முன்னால் நிற்பாய், இந்த இரண்டாவது பேச்சைப் பழகிக்கொள்.

சரி, இப்போது நடந்ததுக்கு வருகிறேன். போன வாரம் நீ மாதிரிக்கு ஒரு பட்டையை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனாய். சனிக்கிழமை அதைக் கட்டிக்கொண்டு தொழிலுக்குப் போனான். சாயங்காலம் வந்து, பிள்ளை கொடுத்தது நல்ல கருவி, ஒருதடவைகூடக் கத்தவில்லை, தொந்தரவே இல்லாத சாமான் என்று சொல்லிச் சிரித்தான். அவன் எப்போதும் கிடக்கிற நேரத்துக்கு அது நாலுதரமாவது கத்தியிருக்க வேண்டும். ஞாயிறு முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. முதலில் ரிப்போர்ட்டைப் பார்ப்போம், நம் நினைப்பு தப்பாகவும் இருக்கலாம், வீணாகப் பிள்ளையின் பேரைக் கெடுப்பானேன் என்று இருந்தேன். திங்கட்கிழமை காலையில் ரிப்போர்ட்டை எடுத்தேன். பென்சில் எழுத்து இருந்த இடம் இன்னும் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கிறது. சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டேன், நீ துண்டித்தாய். உன் அப்பா கப்பலில் இருக்கிறார், அவருக்கு இன்னும் சொல்லவில்லை. மாமாவிடமும் சொல்லவில்லை. நீயே சொல்ல வேண்டும், உன் வாயால் சொன்னால்தான் உனக்குக் கௌரவம் என்று இரண்டு நாளாக உனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வரியை எழுதும்போதுதான் எனக்கு உறைக்கிறது. பேராசிரியர் அறை வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினேனே, அதே வேலையைத்தான் இப்போதும் செய்துகொண்டிருக்கிறேன். உன் கௌரவம் இருக்கட்டும் மகளே. நான் மாமா வீட்டுக்குப் போகிறேன். மீதியை வந்து எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பயப்படாதே, முதலில் முழுக்கப் படி.

நான் போனபோது மாமா வீட்டில்தான் இருந்தான். இரண்டு நாளாகத் தொழிலுக்குப் போகவில்லையாம், காய்ச்சல் என்றான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. டீ கொடுத்தால் வலது கையால் வாங்குகிறான். இடது கையை மடியிலேயே வைத்திருக்கிறான், அவன் இடதுகைப் பழக்கக்காரன் என்பது உனக்குத் தெரியும். என்னடா கை என்று பிடித்துத் தூக்கினேன். விரல் மடங்கவில்லை. திங்கட்கிழமையும் அந்தப் பட்டையைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கி ஏறினதிலிருந்து மரத்துக் கிடக்கிறதாம். அழுகை வருவதற்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. இருபது வருஷம் கடலில் கிடந்தவனுக்கு எப்போது ஏற வேண்டும் என்று தெரியாதா என்று கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்:

"தெரியும்க்கா. உடம்பு சொல்லிச்சு, ஏறுலேன்னு. மணி அடிக்கலயே. பிள்ள செஞ்சது தப்பா இருக்காது, நம்ம உடம்புதான் வயசாகிப் பொய் சொல்லுதுன்னு கெடந்துட்டேன்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாகம், மீட்டர், பென்சில், ரப்பர், ஒன்று விடாமல் சொன்னேன். நானே ஆட்டோ கூப்பிட்டுக் கூட்டிவந்தேன். ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். கை திரும்ப வரும் என்கிறார் டாக்டர், எத்தனை நாளில் என்று கேட்டால் பொறுத்துப் பார்க்கச் சொல்கிறார். அவன் கூட்டாளிகளுக்கும் சொல்லிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை விநியோகம் கிடையாது என்று பங்குச் சாமியிடமும் சொல்லிவிட்டேன். அது என் வேலை, பல வருஷம் பிந்திவிட்டது. நீ ஞாயிற்றுக்கிழமை வா. கருவியைக் கொண்டுவராதே, நீ மட்டும் வந்து அந்த ஹாலில் நில். தப்பு எங்கே நடந்தது என்று தமிழில் சொல். நான் பக்கத்தில் நிற்பேன், முதலில் நான் பேசுகிறேன்.

வார்டுக்குள் போகும்போது அவன் என் சேலையைப் பிடித்து இழுத்து, "என் கை விசயத்த மட்டும் பிள்ளைக்கு எழுதிராதக்கா, அவ தாங்க மாட்டா" என்றான். சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்துதான் இதை எழுதினேன். படித்து முடித்ததும் எனக்குப் போன் பண்ண வேண்டாம், அவனுக்குப் பண்ணு. நிறைய நேரம் அடிக்க விடு, வலது கையால் தேடி எடுக்க அவனுக்குக் கொஞ்சம் நேரமாகும்.

உன் அம்மா